ஜப்பான் ஆர்பிஜியா, மேற்கத்திய ஆர்பிஜியா? குமரி மாவட்ட ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரெண்டுலயும் வாள், மந்திரம், லெவல்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு ஜப்பான், மேற்குன்னு பிரிக்கணும்?

ஆர்பிஜி என்றால் ஒரு பாத்திரமாக உள்ளே போய், அதை வளர்த்துக்கொண்டே கதையில் நகரும் வீடியோ ஆட்டம். ஆட்டக்காரர் மண்டையைக் கசக்கி முடிவெடுக்க வேண்டிய இடம் இரண்டு வகையிலும் வேறு வேறு. அதனால்தான் பிரிக்கிறோம்.

ஜப்பானிய வகையில் கதை பெரும்பாலும் எழுதி முடிந்திருக்கும். நாயகனுக்குப் பெயர், முகம், குணம், பழைய வலி எல்லாம் உண்டு. உங்கள் முடிவுகள் சண்டைக்குள்ளும் சண்டைக்கான தயாரிப்பிலும் இருக்கும். யாரை அணியில் வைப்பது, எந்த மந்திரத்தை யாருக்குக் கொடுப்பது, இந்த முறை அடிப்பதா காப்பதா என்று யோசிப்பீர்கள். மேற்கத்திய வகையில் அந்த ஆளையே நீங்கள்தான் உருவாக்குவீர்கள். சண்டை வேண்டுமா, பேசி முடிக்கலாமா, பின்வாசல் பூட்டைத் திறந்து நுழையலாமா, யாரைக் காப்பாற்றி யாரைக் கைவிடுவது என்று முடிவுகள் சண்டைக்கு வெளியே வந்து நிற்கும்.

கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்கப் போகிறவர்களுக்கு முத்தாரம்மன் கதை ஏற்கெனவே தெரியும். புலவர் எங்கே நிறுத்துகிறார், எங்கே உடுக்கை ஏறுகிறது என்பதற்காகத்தான் விடிய விடிய உட்காருகிறார்கள். ஜப்பானிய ஆர்பிஜியை அப்படிக் கேட்க வேண்டும். "கதையை மாற்ற விடமாட்டேங்கறான்" என்று பெர்சோனா என்ற ஜப்பானிய ஆட்டத்தை அழிப்பவரும், "சண்டை மொக்கை" என்று ஸ்கைரிம் என்ற மேற்கத்திய ஆட்டத்தை அழிப்பவரும் முடிவெடுக்கும் இடத்தைத் தப்பான பக்கத்தில் தேடியவர்கள்தான்.

இந்தப் பிரிவு எப்போ வந்தது?

வேர் ஒன்றுதான். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடையும் தாளும் வைத்து மேசையில் ஆடுவது. அதைக் கணினிக்குள் கொண்டுவந்தவற்றில் 1981-ல் வந்த இரண்டு முக்கியமானவை: விசார்ட்ரி, அல்டிமா. ஆறு பேர் அணி, இருட்டுச் சுரங்கம், முறை வைத்து அடிதடி என்பது விசார்ட்ரி. ஊர் ஊராகச் சுற்றும் பரந்த உலகம் அல்டிமா.

ஜப்பானிய ஆட்ட வடிவமைப்பாளர் யூஜி ஹோரி இந்த இரண்டையும் விரும்பி ஆடியவர். 1986 மே மாதம் வந்த அவருடைய டிராகன் குவெஸ்ட், அல்டிமாவின் வரைபடத்தையும் விசார்ட்ரியின் சண்டையையும் எடுத்து, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்குள் வைத்தது. கையில் விசைப்பலகை இல்லை, இரண்டு பொத்தானும் ஒரு திசைக்கட்டையும்தான். கேட்ரிட்ஜின் மொத்த அளவு 64 கேபி. ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியும் இல்லை, 20 எழுத்துக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்து மறுநாள் தட்டச்சு செய்ய வேண்டும். இவ்வளவு சிறிய இடத்தில் நூறு கிளைக் கதை எழுத முடியாது. ஒரு நேர்க்கதையைத் தெளிவாகச் சொல்லலாம், மெனுவை எளிதாக்கலாம், அகிரா தோரியாமாவின் ஓவியத்தையும் கோய்ச்சி சுகியாமாவின் இசையையும் சேர்க்கலாம். அதைத்தான் செய்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹிரோனோபு சகாகுச்சியின் ஃபைனல் ஃபேன்டசி வந்தது.

மேற்கில் அதே காலத்தில் ஆட்டம் கணினியிலேயே தங்கியது. விசைப்பலகை, மவுஸ், பெரிய வட்டு எல்லாம் கைக்கு இருந்தன. 1985-ன் அல்டிமா 4-ல் தோற்கடிக்க ஒரு பெரிய வில்லனே கிடையாது, எட்டு நற்பண்புகளை நடத்தையில் காட்ட வேண்டும். 1997-ன் ஃபால்அவுட்டில் அறிவுப் புள்ளியைக் குறைத்து ஆளை உருவாக்கினால் அவருக்கு ஒழுங்காகப் பேசவே வராது, எதிரில் நிற்பவர்களும் அதற்கேற்பப் பதில் சொல்வார்கள். 1998-ல் பால்டர்ஸ் கேட் வந்தபோது இந்தப் பாதை உறுதியாகிவிட்டது.

ஒரே கதையை ரெண்டு முறையிலும் போட்டுக் காட்டினா புரியும்.

நம் மாவட்டத்துக் கதையையே எடுப்போம். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. மிளகு வணிகத்துக்காக நடந்த சண்டை. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777-ல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார்.

ஜப்பானிய முறையில் எடுத்தால், நாயகன் குளச்சல் கடற்கரைப் பையன். பெயர் வைத்தாகிவிட்டது. முதல் ஒரு மணி நேரம் வலை, கட்டுமரம், அம்மா, திருவிழா. பிறகு டச்சுக் கப்பல் தெரியும், ஊர் எரியும். துணைக்கு வர்ம ஆசானின் மகள் வருவாள். நரம்பைத் தட்டி எதிரியை ஒரு முறை செயலிழக்கச் செய்வதும் அணியின் காயத்தை ஆற்றுவதும் அவள் வேலை. தோவாளையிலிருந்து ஒருவர், பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து ஒருவர் சேர்வார்கள். பாதிக் கதையில் டி லனாயைத் தோற்கடிப்பீர்கள், அதற்கப்புறம் அவரே அணிக்குள் வந்து பீரங்கித் திறமையைக் கொடுப்பார். இதில் எதையும் நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் உதயகிரியில் அவர் மெதுவாக மனம் மாறும் காட்சிக்கு எழுத்தாளர் ஐந்து மணி நேரம் அடித்தளம் போட்டிருப்பார். அந்தக் கனம் கிளைக் கதையில் கிடைப்பது அரிது.

மேற்கத்திய முறையில் முதல் திரையே, நீங்கள் யார் என்று கேட்கும். கடலோடியா, ஆசானா, மிளகுக் கணக்குப் பார்ப்பவரா, சிப்பாயா? கணக்கர் என்றால் டச்சுக் கிடங்கின் ஏட்டைப் படித்து அவர்கள் படைபலத்தை முன்கூட்டியே அறியலாம். கடலோடி என்றால் இரவில் கப்பலுக்கே நீந்திப் போகலாம். டச்சுக்காரருக்குத் துப்புக் கொடுக்கவும் வழி இருக்கும். பிடிபட்ட டி லனாயைக் கொன்றுவிட்டால் ஆட்டம் தடுக்காது, ஆனால் பிற்பாதியில் பயிற்சி இல்லாத படையோடு நீங்கள் திணற வேண்டியிருக்கும்.

மூன்று இடத்தில் இரண்டிரண்டு வழி வைத்தால் எட்டுக் கதை. எட்டையும் எழுதி, குரல் கொடுத்து, பிழை பார்க்க வேண்டும். மேற்கத்திய ஆட்டங்களில் தொடக்கம் அடர்த்தியாகவும் கடைசிப் பகுதி மெலிந்தும் இருப்பதற்கும், வெளியான முதல் மாதங்களில் பிழை மலிந்து கிடப்பதற்கும் இதுதான் பெரிய காரணம். பெரிய மேற்கத்திய ஆட்டத்தை வெளியான நாளில் வாங்காமல் ஆறு மாதம் பொறுப்பது நல்லது.

டர்ன் பேஸ்டு சண்டைன்னா மாத்தி மாத்தி அடிக்கிறதுதானே? அதுல என்ன யோசிக்க இருக்கு?

பெர்சோனா 5-ன் விரிவான பதிப்பான ராயலில் ஒரு சண்டையைப் பார்ப்போம். எதிரில் மூன்று பேர். இரண்டு பேருக்கு நெருப்பு ஆகாது, மூன்றாமவருக்கு மின்சாரம் ஆகாது. உங்கள் அணியில் ஆன் என்பவள் நெருப்பு வீசுவாள், ரியூஜி என்பவன் மின்சாரம் அடிப்பான்.

ஆன் முதல் எதிரிக்கு ஆகி என்னும் நெருப்பு மந்திரம் போடுகிறாள். பலவீனத்தில் பட்டதால் அவர் கீழே விழுகிறார், ஆனுக்கு இன்னொரு முறை இலவசம். இரண்டாமவரும் விழுகிறார், மறுபடி ஒரு முறை. இப்போது மூன்றாமவரையும் அவளே நெருப்பால் அடித்தால் சங்கிலி அறுந்துவிடும். அதற்குப் பதில் பேட்டன் பாஸ் கொடுத்து முறையை ரியூஜிக்கு மாற்றுங்கள். அடியின் வலுவும் கூடும், அவனுடைய ஸியோ என்னும் மின்சார மந்திரத்தில் மூன்றாமவரும் விழுவார். எல்லாரும் கீழே கிடந்தால் கூட்டமாகப் பாயலாம், அல்லது பேசி ஒருவரை உங்கள் பக்கம் இழுக்கலாம். எதிரிக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்காமல் சண்டை முடிந்தது.

இதே விதி எதிரிக்கும் உண்டு. உங்கள் நாயகன் போட்டிருக்கும் பெர்சோனாவின் (மந்திரம் தரும் ஆவியின்) பலவீனத்தில் அடித்தால் எதிரிக்கு இலவச முறை கிடைக்கும், நாயகன் செத்தால் மற்றவர்கள் உயிரோடு இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. புதியவர்கள் அடிக்கடி தோற்பது இங்கேதான். பாஸ் என்னும் தலைமை எதிரியோடு மோதும் முன் அவருடைய தாக்குதல் வகையைப் பார்த்து, அதற்குப் பலவீனமில்லாத பெர்சோனாவை மாட்டுங்கள்.

தாருகாஜா, ரகுண்டா போன்ற மந்திரங்களைத் தொடாமல் விடுவது இரண்டாவது தவறு. ஒன்று உங்கள் அடியை ஏற்றும், மற்றது எதிரியின் காப்பைக் குறைக்கும். மூன்று முறை நிற்கும். இவை இல்லாமல் நீண்ட பாஸ் சண்டையில் மந்திரப் புள்ளியான எஸ்பி தீர்ந்துபோய் நிற்பீர்கள். முதல் அரண்மனையை (எதிரிகள் நிறைந்த பெரிய சண்டைக் களத்தை) ஆட்டத்தின் நாட்காட்டியில் மே 2-க்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு இருக்கிறது. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எஸ்பியைக் கொட்டித் தீர்க்காமல் இரண்டு, மூன்று நாளாகப் பிரியுங்கள். டாக்டர் தகேமியின் நட்பைச் சீக்கிரம் வளர்த்தால், ஒவ்வொரு முறையும் எஸ்பி ஏறும் பட்டை ஒன்றை விற்கத் தொடங்குவார். ராயலின் கூடுதல் பருவம் வேண்டுமானால் கவுன்சிலர் மருகியின் நட்பை நவம்பர் 18-க்கு முன் 9-ஆம் படிக்குக் கொண்டு போக வேண்டும். அதை விட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

பால்டர்ஸ் கேட் 3-ல பகடை என்னை ஏமாத்துது. பேசி ஜெயிக்க முடியல.

இந்த ஆட்டத்தில் பேச்சு பலிக்குமா என்பதைப் பகடைதான் முடிவு செய்யும். அதை உருட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் உருட்டுகிறீர்கள். கணக்கைப் பாருங்கள். காவலரைச் சமாதானப்படுத்த 15 வேண்டும் என்று திரை சொல்கிறது. உங்கள் பேச்சுத்திறன் கூட்டல் 3. இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 45 சதவீத வாய்ப்பு. கிளெரிக் அல்லது டிரூயிட் வகுப்புப் பாத்திரத்தின் கைடன்ஸ் மந்திரம் ஒரு நான்கு முகப் பகடையைச் சேர்க்கும்: 57.5 சதவீதம். அட்வான்டேஜ் இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பார்கள்: ஏறக்குறைய 70 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 82-ஐ நெருங்கும். அதற்கு மேலும் தோற்றால் இன்ஸ்பிரேஷன் புள்ளி ஒன்றைக் கொடுத்து மறுபடி உருட்டலாம், நான்கு வரை சேர்த்து வைக்கலாம். 1 விழுந்தால் எப்போதும் தோல்வி, 20 விழுந்தால் எப்போதும் வெற்றி.

இன்னொன்று, யார் முன்னால் நடக்கிறாரோ அவரைத்தான் பலசமயம் உரையாடல் பிடித்துக்கொள்ளும். கவர்ச்சிப் புள்ளி குறைந்த முரட்டு வீரர் முன்னால் ஓடினால் அவரே பேசி மாட்டிக்கொள்வார். கதவு, முகாம், புதிய இடம் எதுவானாலும் பேசுபவரை முன்னால் விடுங்கள். பார்ட், வார்லாக், சார்சரர், பாலடின் ஆகிய நான்கு வகுப்புகளும் கவர்ச்சியில் ஓடுபவை. தப்பான வகுப்பை எடுத்துவிட்டால் கவலை வேண்டாம், முகாமில் இருக்கும் விதர்ஸிடம் 100 தங்கம் கொடுத்தால் முழுவதும் மாற்றிக்கொள்ளலாம்.

நீண்ட ஓய்வைக் கஞ்சத்தனமாகத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண நிலையில் ஒரு ஓய்வுக்கு 40 உணவுப் பொருள் போதும், உலகமெங்கும் அது கொட்டிக் கிடக்கிறது. துணைவர்களின் கதைக் காட்சிகள் பெரும்பாலும் இரவு முகாமில்தான் வரும். ஓய்வெடுக்காதவருக்குப் பாதிக் கதை தெரியாமலே போகும்.

தோற்ற ஒவ்வொரு பகடைக்கும் எஃப்8 தட்டிப் பழைய இடத்துக்குப் போகும் பழக்கத்தை விடச் சொல்வோம். ஆட்டத்தை உருவாக்கிய லாரியன் நிறுவனம் தோல்விக்கும் தனியாகக் கதை எழுதி வைத்திருக்கிறது. ஆட்டத்தின் நல்ல காட்சிகள் சில அங்கேதான் இருக்கின்றன.

லெவல் ஏத்திட்டுப் போனா எதையும் ஜெயிக்கலாமே?

டிராகன் குவெஸ்ட், பழைய ஃபைனல் ஃபேன்டசி, பெர்சோனா ஆகியவற்றில் ஆமாம். எதிரியின் பலம் இடத்தோடு கட்டப்பட்டது. நீங்கள் ஐந்து லெவல் ஏறி வந்தால் அவர் அப்படியேதான் இருப்பார். விதிவிலக்கு 1999-ன் ஃபைனல் ஃபேன்டசி 8: உங்கள் சராசரி லெவலோடு எதிரியும் ஏறுவார். அதில் லெவலைத் துரத்தாமல் மந்திரங்களைச் சேகரித்து உடல் புள்ளிகளோடு இணைக்க வேண்டும்.

மேற்கிலும் எதிரி கூடவே வளரும் ஆட்டங்கள் உண்டு. ஸ்கைரிமுக்கு முந்தைய ஆட்டமான 2006-ன் ஆப்லிவியன் இதில் பெயர் கெட்டது. வழிப்பறிக்காரன்கூட ஒரு கட்டத்தில் கண்ணாடிக் கவசம் போட்டு வருவான். ஸ்கைரிமில் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் நகரத்திலேயே உட்கார்ந்து மருந்து காய்ச்சியும் வியாபாரம் பேசியும் 25 லெவல் ஏறினால், வெளியே எதிரிகள் வளர்ந்திருப்பார்கள், உங்கள் வாள் மட்டும் தொடக்கத்தில் நிற்கும். ஒரு தாக்கும் திறன், ஒரு கவசத் திறன் இரண்டையும் கூடவே ஏற்றி வாருங்கள்.

டார்க் சோல்ஸ் ஜப்பான். ஆனா ஆளை நாமதான் செய்றோம். விட்சர் போலந்து. ஆனா நாயகன் கெரால்ட் ஏற்கெனவே இருக்கார். அப்போ?

நாட்டை வைத்துப் பார்த்தால் இரண்டும் குழப்பும், முடிவெடுக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் தெளியும். டார்க் சோல்ஸ் (2011), எல்டன் ரிங் (2022) இரண்டிலும் பாத்திரத்தை நீங்களே கட்டுகிறீர்கள், எங்கே போவதென்று நீங்களே தேர்கிறீர்கள். கதை உலகத்தில் சிதறிக் கிடக்கிறது. உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் டோக்கியோவில் இருந்தாலும் உள்ளே மேற்கத்திய எலும்பு. 2015-ன் விட்சர் 3-ல் கெரால்ட் மாறமாட்டார். ஆனால் யார் பிழைக்கிறார், யார் ஆட்சிக்கு வருகிறார், அவருடைய வளர்ப்பு மகள் சிரி என்ன ஆகிறாள் என்பதெல்லாம் உங்கள் வாயிலிருந்து வரும். அதனால் அது மேற்குதான்.

2025 ஏப்ரலில் வந்த கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 இன்னும் சுவாரசியம். பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் செய்த ஜப்பானிய வகை ஆட்டம். முறை வைத்த சண்டை, எழுதி முடித்த நாயகர்கள், அதோடு எதிரி அடிக்கும் நொடியில் பொத்தானை அழுத்தித் தடுக்கும் வேகம். அதே சமயம் ஃபைனல் ஃபேன்டசி 16 (2023) முறை வைத்த சண்டையை முழுவதுமாக விட்டுவிட்டது.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. எதுல ஆரம்பிக்கலாம்?

இந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கும் ஆட்டங்கள் எதிலும் தமிழ் இல்லை. அதனால் எவ்வளவு வாசிக்க வேண்டும் என்பதே முதல் கணக்கு. டிஸ்கோ எலிசியம் முழுக்க வாசிப்பு, பத்து லட்சம் சொற்களுக்கு மேல். சண்டை என்று தனியாக எதுவும் கிடையாது. ஆங்கில நாவல் சிரமமில்லாமல் வாசிப்பவருக்கு மட்டும் அது.

தொடக்கத்துக்கு குரோனோ டிரிகர் (1995). வசனம் குறைவு, வாக்கியம் சின்னது. நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை வரி நகராது, கூகுள் லென்ஸைத் திரைக்கு நேராகப் பிடித்துத் தமிழில் பார்க்கலாம். இந்த வசதி ஜப்பானிய வகையில் பொதுவாக உண்டு. ஸ்கைரிமில் ஆட்கள் நடந்துகொண்டே பேசுவார்கள், வசனம் ஓடிவிடும். ஆட்டத்தைத் தொடங்கும் முன் சப்டைட்டிலை இயக்கி விடுங்கள்.

அண்ணே, லேப்டாப்புல கிராஃபிக்ஸ் கார்டு இல்ல. நெட்டும் செல்போன் டேட்டாதான்.

ஆடலாம். பெர்சோனா 4 கோல்டன் 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியிலும் ஓடும், இறக்க வேண்டியது 14 ஜிபி. ஃபைனல் ஃபேன்டசி 1 முதல் 6 வரையிலானவற்றின் புதுப்பித்த பதிப்புகளான பிக்சல் ரீமாஸ்டர்கள், குரோனோ டிரிகர் இரண்டும் செல்போனிலேயே உண்டு. மேற்குப் பக்கத்தில் பால்டர்ஸ் கேட் 1, 2-ன் என்ஹான்ஸ்டு பதிப்புகள் செல்போனிலும் கிடைக்கின்றன, ஆனால் எழுத்து பொடியாக இருப்பதால் டேப்லெட் நல்லது. ஃபால்அவுட் 1, 2, பிளேன்ஸ்கேப் டார்மென்ட் எந்த லேப்டாப்பிலும் ஓடும்.

பால்டர்ஸ் கேட் 3 வேறு கதை. 150 ஜிபி, எஸ்எஸ்டி கட்டாயம், 4 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டால் குரல் முன்னால் ஓடும், முகம் பின்னால் வரும். அமைப்பில் மெதுவான டிஸ்குக்கான தேர்வு ஒன்று உண்டு, ஓரளவு உதவும். ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டாவில் இறக்க 75 நாள். 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் ஏறக்குறைய எட்டரை மணி நேரம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஃபைபர் வராத வீட்டுக்காரர்கள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஃபைபர் உள்ள நண்பர் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துப் போங்கள். அவரிடம் அதே ஆட்டம் ஏற்கெனவே இருந்தால், இரண்டு கணினியும் ஒரே வைஃபையில் இருக்கும்போது ஆட்டங்களை விற்று இறக்கித் தரும் ஸ்டீம் செயலி இணையத்துக்குப் போகாமல் நேராக நகலெடுக்கும். அமைப்பில் டவுன்லோட்ஸ் பகுதியில் உள்ளூர் நெட்வொர்க் பரிமாற்றத்தை இரண்டிலும் திறந்துவிட வேண்டும். ஆட்டத்தை இருவரும் தனித்தனியே வாங்கியிருக்க வேண்டும்.

மழை வந்தா கரண்ட் போயிடுது. ரெண்டு மணி நேரம் ஆடினது போச்சு.

நமக்கு ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், அதனால் சேமிப்பு முறை நாம் கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். மேற்கத்திய கணினி ஆட்டங்களில் பெரும்பாலும் எங்கேயும் சேமிக்கலாம். ஸ்கைரிம், பால்டர்ஸ் கேட் 3 இரண்டிலும் எஃப்5. இடி கேட்டால் கை தானாக அங்கே போக வேண்டும். பெர்சோனா 5-ல் அரண்மனைக்குள் பாதுகாப்பு அறையில்தான் சேமிக்க முடியும். அறைக்கும் அறைக்கும் நடுவில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஐப்பசியில் மாலை நேரம் அரண்மனைக்குப் போகாமல் பள்ளி, நட்பு, வேலை என்று நகர நாட்களை ஆடுங்கள்.

எல்டன் ரிங் ஓயாமல் தானே எழுதிக்கொண்டிருக்கும், ஒரே கோப்பில். எழுதும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பு கெடலாம். விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங், அதற்குள் எல்டன் ரிங் ஃபோல்டர் இருக்கும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகலெடுங்கள். மின்சாரம் திரும்பியதும் ஸ்டீம், எந்தச் சேமிப்பு வேண்டும், கிளவுடா கணினியா என்று கேட்கும். தேதியையும் நேரத்தையும் பார்த்துப் புதியதைத் தேருங்கள், அது பெரும்பாலும் கணினியில் இருப்பதுதான்.

வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் நிலை இருக்கும். அதில் வைத்தால் மாறும் இடைவெளி குறையும், கணினி அணையாமல் தப்பலாம். 600 விஏ யூபிஎஸ் தனியாக வைத்தால் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். சேமித்து மூடுவதற்கு அது போதும், தொடர்ந்து ஆட அல்ல.

தம்பி கென்ஷின் இம்பேக்ட் ஆடறான். அது ஜப்பான் ஆர்பிஜியா?

சீனாவின் மிஹோயோ செய்தது, 2020-ல் வந்தது. முகம் ஜப்பானிய வகை, உள்ளே இருப்பது கச்சா என்னும் அதிர்ஷ்டக் குலுக்கல். 90 குலுக்கலுக்குள் ஏதோ ஒரு ஐந்து நட்சத்திரப் பாத்திரம் உறுதி. ஆனால் அது நீங்கள் கேட்டவர்தான் என்பதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. அது தவறினால் அடுத்த ஐந்து நட்சத்திரம் நீங்கள் கேட்டவர்தான். மோசமான நிலையில் 180 குலுக்கல், தலா 160 கல் வீதம் 28,800 கல். கல்லை ஆடியும் சேர்க்கலாம், பணம் கொடுத்தும் வாங்கலாம். தம்பியின் செல்போனில் ப்ளே ஸ்டோர் வாங்கலுக்கு ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள், யூபிஐயை அதில் இணைத்து வைக்க வேண்டாம். பால்டர்ஸ் கேட் 3, விட்சர் 3 இரண்டும் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு. பள்ளிப் பிள்ளைக்கு டிராகன் குவெஸ்ட் 11 பொருத்தம், 12 வயதுக்கு மேல் ஆடலாம்.

வாங்கிட்டுப் பிடிக்கலன்னா?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். இரண்டு மணி நேரத்தில் பெர்சோனா 5 முன்னுரையைக்கூடத் தாண்டாது, அதை வைத்து முடிவு செய்ய முடியாது. பால்டர்ஸ் கேட் 3-ல் பாத்திரத்தை உருவாக்கும் திரையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும், கடிகாரம் அதையும் எண்ணும். முதல் தடவை தயாராக இருக்கும் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போங்கள்.

நான் கல்ஃப்ல இருக்கேன். ஒரு மாசம் லீவுக்கு ஊருக்கு வர்றேன். எதை முடிக்க முடியும்?

கல்யாணம், வீட்டு வேலை, சொந்தக்காரர் வீடு எல்லாம் போக நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 45 மணி நேரம். குரோனோ டிரிகர் 25 மணி நேரத்துக்குள் முடியும், மீதியில் வேறு முடிவுகளையும் பார்க்கலாம். பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் அதில் இருக்கின்றன. மேற்கு வேண்டுமென்றால் ஸ்கைரிமின் முதன்மைக் கதையை மட்டும் சுமார் 30 மணி நேரத்தில் முடிக்கலாம், பக்கக் கதைகளுக்குள் இறங்காமல் இருந்தால். பெர்சோனா 5 ராயல் 100 மணி நேரத்தைத் தாண்டும். லீவில் தொடங்கினால் சேமிப்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும் ஏற்பாடு வேண்டும்.

ஸ்டீம் கணக்கின் நாடு மாறினால் வாங்கிய ஆட்டங்கள் போகாது, விலைப்பட்டியல்தான் மாறும். இந்தியாவுக்கு மாற்ற இந்தியக் கார்டு போன்ற உள்ளூர் வழியில் ஒரு ஆட்டம் வாங்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். ஒரு மாத லீவில் மாற்றினால் திரும்பிப் போன பிறகு இரண்டு மாதம் அங்கத்திய கார்டில் வாங்க முடியாமல் நிற்க நேரும். அதனால் ஊருக்கு வரும் முன்பே, அங்கேயே வாங்கி இறக்கி, லேப்டாப்போடு கொண்டு வாருங்கள்.